முதலாமாண்டு லேப்

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் கொரோனாவால் 2020 மார்ச் 17 அன்று மூடப்பட்டன. எட்டரை மாதம் கழித்து, டிசம்பர் 2-ஆம் தேதி முதுகலை அறிவியல், தொழில்நுட்பப் பிரிவுகளின் இறுதியாண்டு மாணவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் உள்ளே வந்தார்கள். டிசம்பர் 7-இல் இளநிலை இறுதியாண்டு மாணவர்கள் வந்தார்கள். மற்ற ஆண்டுக்காரர்களுக்கு 2021 பிப்ரவரி 8 வரை காத்திருப்பு. மார்ச் 23-இலிருந்து மறுபடியும் ஆன்லைன் வகுப்பு. அதற்குப் பிறகு செப்டம்பர் 1 அன்றுதான் கல்லூரி திறந்தது. இந்தத் தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு கணக்கு தெரியும். 2020-இல் பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்த ஒரு மாணவர் தன் முதலாம் ஆண்டு முழுவதிலும் கல்லூரிக்குள் இருந்தது ஆறே வாரம். மூன்றாண்டுப் படிப்பில், கைக்குப் பழக்கம் வரவேண்டிய ஆண்டில், ஆறு வாரம். திறக்கலாமா கூடாதா என்று அன்று எல்லோரும் விவாதித்தோம். யாரை முதலில் அழைப்பது என்ற கேள்விக்கு அந்த அளவு நேரம் ஒதுக்கவில்லை. இறுதியாண்டுதான் முதலில் என்பது சொல்லாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2020 நவம்பரில் தந்த வழிகாட்டுதலும் ஆராய்ச்சி மாணவர், முதுகலை அறிவியல் மாணவர், இறுதியாண்டு மாணவர் என்றே வரிசை போட்டது. வேதியியல் சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இளநிலைப் படிப்பைப் பொறுத்தவரை அந்த வரிசை தலைகீழானது என்று நான் கருதுகிறேன். லேப் உள்ள பாடங்களில் முதலாமாண்டு மாணவரைத்தான் முதலில் அழைத்திருக்க வேண்டும். அழைத்து, வகுப்பறையில் உட்கார வைக்காமல், நேராக லேபில் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்ல, முதலாமாண்டு லேபில் நடக்கும் மிகச் சாதாரணமான ஒரு காரியத்தை எடுத்துக்கொள்கிறேன். டைட்ரேஷன். பியூரெட்டில் பெர்மாங்கனேட், கீழே கானிக்கல் ஃபிளாஸ்கில் அமிலம் சேர்த்துச் சூடாக்கிய ஆக்சாலிக் அமிலம். இடது கை பியூரெட்டின் திருகைப் பிடித்திருக்க வேண்டும், வலது கை ஃபிளாஸ்கைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சில சொட்டு விழுந்ததும் நிறம் உடனே மறையாது, இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். புதிதாக வந்தவர் அதையே முடிவுப்புள்ளி என்று நினைத்து அளவு எழுதிவிடுவார். அந்த வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனிதான் வினையை வேகப்படுத்துகிறது. அது கொஞ்சம் சேரும்வரை பொறுத்திருந்தால், அடுத்து விழும் சொட்டுகளின் நிறம் கண்ணெதிரே சட்டென்று கரைந்து போகும். கடைசியில் ஒரே ஒரு சொட்டில் நிறம் நிலைத்து நிற்கும். அங்கே நிறுத்தத் தெரிய வேண்டும். பெர்மாங்கனேட் அடர்நிறக் கரைசல் என்பதால் அதன் மேல்விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். நிறமில்லாத கரைசலாக இருந்தால் வளைவின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். எதுவானாலும் கண் அந்தக் கோட்டின் உயரத்துக்கு இறங்க வேண்டும். பியூரெட்டின் முனையில் காற்றுக்குமிழ் நிற்கிறதா, மேலே வைத்த புனலை எடுத்தாயிற்றா, பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாமல் ஃபிளாஸ்கின் சுவரில் தொட்டு எடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ஒவ்வொன்றும் தனியாகச் சிறியது. எல்லாம் சேர்ந்தால்தான் அடுத்தடுத்த இரண்டு அளவுகள் 0.1 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போகும். இதில் எதையும் சொல்லிப் புரியவைத்துவிட முடியும். ஆனால் கை தானாகச் செய்ய வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து முறை தப்பாகச் செய்து, பக்கத்தில் நிற்பவர் திருத்தி, மறுபடி செய்ய வேண்டும்.

பெரும்பாலான பாடத்திட்டங்களில் இந்தப் பயிற்சி முதலாம் ஆண்டில் வருகிறது. அதற்கு மேல்தான் உப்புப் பகுப்பாய்வு, கரிமச் சேர்மங்களைக் கண்டறிதல், எடையறி பகுப்பாய்வு, இயற்பியல் வேதியியல் சோதனைகள் எல்லாம் அடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் ஒருவர் வீழ்படிவை வடிகட்டிக் கழுவி, குரூசிபிளில் வைத்துச் சுட்டு, குளிரவைத்து, நிலையான எடை வரும்வரை எடை போடுகிறார் என்றால், அந்தப் பொறுமை மூன்றாம் ஆண்டில் முளைத்ததல்ல. 2020 டிசம்பரில் உள்ளே வந்த இளநிலை இறுதியாண்டு மாணவர்கள் 2018-இல் சேர்ந்தவர்கள். மூடப்பட்ட நாளுக்கு முன்பே ஏறத்தாழ இரண்டு ஆண்டு லேபில் நின்றவர்கள். ஆசிரியர்களின் முகம் தெரியும், லேப் அட்டெண்டரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள், எந்த பாட்டில் எந்த ரேக்கில் இருக்கும் என்று தெரியும். இவர்களுக்கு எட்டரை மாதத்துக்கு மேலான இடைவெளி ஒரு குறைதான், மறுக்கவில்லை. ஆனால் அது விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய குறை. 2020-இல் சேர்ந்தவருக்கோ தொடர எதுவும் இல்லை. அவர் சேர்க்கை, கட்டணம், வகுப்பு என எல்லாவற்றையும் கைபேசித் திரையிலேயே பார்த்தவர். +2 பொதுத்தேர்வின் கடைசி நாளான மார்ச் 24 அன்று, பஸ் கிடைக்காமலும் பயத்திலும் ஆயிரக்கணக்கானோர் தேர்வு மையத்துக்கு வரமுடியாமல் போன அதே ஆண்டின் பிள்ளைகள் இவர்கள். அடித்தளம் போட்டு முடித்தவரை முதலில் அழைத்தோம், அடித்தளமே போடாதவரைக் கடைசியில் அழைத்தோம். முதுகலை அறிவியல் மாணவர்களையும் ஆராய்ச்சி மாணவர்களையும் டிசம்பர் 2-இல் அழைத்தது முற்றிலும் சரி. அவர்களுடைய வேலை முழுக்கவே லேபில்தான். தப்பு நடந்தது ஐந்து நாள் கழித்து நடந்த திறப்பில். அதில் லேப் உள்ள பாடம், லேப் இல்லாத பாடம் என்ற பாகுபாடே இல்லை. இறுதியாண்டு என்ற ஒரே தகுதி போதுமானதாக இருந்தது.

லேபை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டோமே என்று சொல்பவர்கள் உண்டு. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப் இணையதளம் கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தது. நல்ல முயற்சி, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு சோதனையின் தத்துவம் என்ன, எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்று காட்ட அது உதவும். வகுப்புக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு வரும் மாணவர் லேபில் திணறுவது குறைவு. ஆனால் திரையில் திருகை அழுத்தினால் சொட்டு ஒரே அளவில் விழும். நிறம் மாற வேண்டிய இடத்தில் மாறிவிடும். பியூரெட்டில் குமிழ் நிற்காது, சூடான ஃபிளாஸ்க் விரலைச் சுடாது, ஒரு சொட்டு அதிகமாகிப் போய் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டி வராது. எங்கள் தொழிலில் கற்பித்தல் நடப்பதே அந்த ஒரு சொட்டு அதிகமான இடத்தில்தான். தவறே நேராத ஒரு லேபில் ஆசிரியருக்கு வேலை இல்லை. 2020-21-இல் பல இடங்களில் செய்முறைப் பாடம் என்ற பெயரில் நடந்தது, செய்முறையை ரெக்கார்ட் நோட்டில் எழுதுவதும், ஆசிரியர் கொடுத்த அளவுகளை வைத்துக் கணக்குப் போடுவதும், கூகுள் மீட்டில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வதும்தான். ஆசிரியர்களைக் குறை சொல்லி என்ன பயன்? வேறு வழி அவர்களுக்குத் தரப்படவில்லை. ஆனால் அதற்குச் செய்முறை என்று பெயர் வைத்து மதிப்பெண் பட்டியலில் ஏற்றியது, நடக்காததை நடந்ததாகப் பதிவு செய்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்கெடுப்பின்படி, இணைய வசதி இருந்த குடும்பங்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 24. கிராமப்புறத்தில் நூற்றுக்கு 15. கணினி வைத்திருந்த குடும்பங்கள் நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டவில்லை. தமிழ்நாடு அரசு 2021 ஜனவரியில் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி வீதம் இலவச டேட்டா கார்டு தர முன்வந்தது. ஏப்ரல் வரை நான்கு மாதங்களுக்கு. அந்த உதவி பலருக்கு உண்மையாகவே கைகொடுத்தது. ஆனால் டேட்டா வந்தால் பாடம் கேட்கலாம், பார்க்கலாம். கையால் செய்ய வேண்டியது டேட்டாவில் வராது. மாநிலத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2019-20-இல் 51.4 விழுக்காடு. நாட்டிலேயே முன்னணி மாநிலங்களில் ஒன்று என்று நாம் பெருமைப்படும் இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர்களில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். அவர்களுக்குக் கல்லூரி எப்படி இயங்குகிறது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. சீனியரும் நூலகமும் லேபும் கேன்டீன் பேச்சும்தான் சொல்லித்தரும். இறுதியாண்டு மாணவருக்கு அது ஏற்கெனவே கிடைத்திருந்தது.

என் வாதத்துக்கு எதிராக வைக்கப்பட வேண்டிய மிகக் கனமான கேள்வி, உயிர். மாணவர்களைக் கூட்டிவைத்தால் தொற்று பரவாதா? பரவும். ஆனால் எங்கே பரவும் என்று பார்க்க வேண்டும். திறந்த முதல் மாதத்திலேயே அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. 2020 டிசம்பர் நடுவில் சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. வளாகத்தில் அப்போது தங்கியிருந்ததே எழுநூற்றுச் சொச்சம் மாணவர்கள்தான். இயங்கியது ஒரே ஒரு மெஸ். எல்லா ஹாஸ்டல்காரர்களும் அங்கேதான் வந்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டார்கள். தொற்றியவர்களில் மெஸ் ஊழியர்களும் இருந்தார்கள். பிறகு அந்த மெஸ்ஸை மூடி, சாப்பாட்டைப் பொட்டலமாக அறைக்கே கொடுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகம் திறந்த ஒரே வாரத்தில் இளநிலை வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றியது. அங்கேயும் கொத்தாகத் தொற்று தெரிந்தது மாணவர் குடியிருப்புகளில்தான். ஆபத்து மெஸ்ஸிலும் ஹாஸ்டலிலும் பஸ்ஸிலும் இருந்தது. நாமோ கல்லூரி வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி வெப்பமானியைப் பிடித்தோம், பெஞ்சில் குறுக்குக் கோடு போட்டோம், கையில் சானிடைசர் ஊற்றினோம். காய்ச்சல் இல்லாமலே தொற்றைச் சுமந்து நடந்த இளவயதுக்காரர்களை வெப்பமானி எப்படிப் பிடிக்கும்?

வேதியியல் லேபின் காற்றைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். காற்றின் வழியே தொற்று பரவுவதைக் கவனத்தில் கொள்ளுங்கள் என்று 239 விஞ்ஞானிகள் 2020 ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதைச் செயல்முறை விதிகளாக மாற்ற உலகம் முழுவதுமே தாமதமானது. காற்றுதான் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டால், கல்லூரியில் ஒப்பீட்டளவில் பாதுகாப்பான அறை எது? பழைய அரசுக் கல்லூரிகளின் வேதியியல் லேபுகளுக்கு உயரமான கூரை உண்டு, ஆளுயர ஜன்னல் உண்டு, சுவரில் எக்ஸாஸ்ட் மின்விசிறி உண்டு. ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றமும் அமில ஆவியும் வெளியேற வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்ட அறை அது. நாற்றத்தை வெளியேற்றும் ஏற்பாடு மூச்சுக்காற்றையும் வெளியேற்றும். மாணவர்கள் அங்கே உட்காருவதில்லை, தோளோடு தோள் இடிப்பதில்லை, நீண்ட மேசையின் தனித்தனி இடத்தில் நின்று வேலை செய்கிறார்கள், பேச்சும் குறைவு. ஜன்னலை அடைத்து ஏசி போட்ட கருத்தரங்கக் கூடமும் கணினி அறையும்தான் கவலைப்பட வேண்டிய இடங்கள். எல்லாக் கல்லூரியிலும் லேப் இப்படித்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மின்விசிறி ஓடாத லேபும், ஜன்னலை மறைத்து அலமாரி வைத்த லேபும் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யத்தான் அந்த எட்டரை மாதம் கிடைத்தது.

லேபில் உண்மையான ஆபத்து ஒன்று இருந்தது. அதை வெளியாட்கள் யாரும் கவனிக்கவில்லை. நம் கல்லூரிகளில் பல இடங்களில் பிப்பெட்டை இன்றும் வாயால்தான் உறிஞ்சுகிறார்கள். ஒருவர் வாய் வைத்த பிப்பெட்டைக் குழாயில் ஒரு கழுவு கழுவிவிட்டு, அடுத்தவர் வாயில் வைக்கிறார். ரசாயனம் வாய்க்குள் போகும் அபாயத்துக்காகவே இதை எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும். ரப்பர் பல்பு விலை உயர்ந்த கருவி அல்ல. ஆளுக்கு ஒரு பிப்பெட்டும் ஒரு பல்பும் என்று கொடுத்திருந்தால் கொரோனா காலத்துக்கும் அதற்குப் பிறகும் சேர்த்தே ஒரு கெட்ட பழக்கம் ஒழிந்திருக்கும். இது மாதிரி, அந்தந்தத் தொழிலின் உள்ளே இருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் ஆபத்துகளைப் பட்டியல் போட வேண்டிய இடத்தில், எல்லாத் துறைகளுக்கும் ஒரே சுற்றறிக்கை வந்தது.

வீட்டிலிருந்து கல்லூரிக்கு வருகிற பஸ் இருக்கிறதே, அதை மறந்துவிட்டுப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலை எட்டு மணி டவுன் பஸ்ஸின் படிக்கட்டைப் பார்த்தவர் யாரும் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் வகுப்பறைப் பாடத்தையும் லேபையும் பிரிக்க வேண்டும் என்கிறேன். வாரத்தில் ஆறு நாளும் பாதிப் பாதி மாணவர்கள் வந்து போவதைவிட, தியரி எல்லாம் ஆன்லைனில் இருக்க, ஒரு மாணவர் வாரத்தில் ஒரே ஒரு நாள் லேபுக்கு மட்டும் வந்து போனால் பஸ் பயணம் எத்தனை குறையும்! அந்த ஒரு நாளில் காலை மூன்று மணி நேரம், மதியம் மூன்று மணி நேரம் என்று இரண்டு சோதனைகளை முடிக்கலாம். ஹாஸ்டலில் தங்க வேண்டியவர்களுக்கு, ஒரு செமஸ்டரின் செய்முறை முழுவதையும் பத்துப் பன்னிரண்டு நாளில் தொடர்ச்சியாக நடத்தி, அறைக்கு ஒருவர் என்று தங்கவைத்து, சாப்பாட்டை அறைக்கே கொடுத்து அனுப்பலாம். அறைக்கு ஒருவர் என்ற விதியை அரசே போட்டிருந்தது. எல்லோரையும் ஒரே சமயத்தில் அழைத்தால்தான் அது நடக்காத விதி. சிறு தொகுதியாக அழைத்தால் நடக்கிற விதி.

ஐம்பத்தைந்து வயது தாண்டிய, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஆசிரியர்களின் நிலை என்ன? 2020 டிசம்பரில் யாருக்கும் தடுப்பூசி கிடையாது. 2021 ஜனவரி 16-இல்தான் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொடங்கியது. மூத்த ஆசிரியர்களை லேபில் நிறுத்தச் சொல்லவில்லை. தியரியை ஆன்லைனில் எடுக்க ஆள் வேண்டும், அது அவர்களின் பங்கு. லேப் இளையவர்களின் பங்கு. ஒரு துறைக்குள் பேசி முடிக்கக்கூடிய ஏற்பாடு இது.

நேரக்கணக்கு ஒத்துவருமா என்பது நிர்வாகத்தில் இருப்பவர்களின் கேள்வி. உதாரணத்துக்கு நாற்பத்தெட்டுப் பேர் உள்ள ஒரு முதலாமாண்டு வகுப்பை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக இருபத்துநான்கு பேர் கொண்ட இரண்டு பேட்ச், ஒரு சோதனைக்கு மூன்று மணி நேரம். மொத்தம் ஆறு மணி. பன்னிரண்டு பேராகப் பிரித்தால் நான்கு பேட்ச், பன்னிரண்டு மணி. ஒவ்வொரு சோதனைக்கும் கூடுதலாக ஆறு மணி நேரம் வேண்டும். அது எங்கிருந்து வரும்? சுழற்சி முறையில் பாதி வகுப்பை இன்றும் மீதியை நாளையும் உட்காரவைத்தபோது, ஒரே தியரி பாடத்தை ஆசிரியர்கள் இரண்டு முறை நடத்தினார்கள். அல்லது ஒரு பாதிக்கு நேரிலும் மறுபாதிக்குக் கைபேசியிலும் ஒரே சமயத்தில் நடத்தி, இரண்டு பக்கமும் சரியாகப் போய்ச் சேராமல் விட்டார்கள். தியரியை நாற்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே தடவை ஆன்லைனில் நடத்திவிட்டால் அந்த நேரம் அப்படியே மிஞ்சுகிறது. அரசுக் கல்லூரிகளில் காலிப் பணியிடங்கள் கௌரவ விரிவுரையாளர்களால் நிரப்பப்பட்டிருப்பதும், அவர்கள் மேல் ஏற்கெனவே சுமை கூடியிருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சுமையைக் கூட்டியது லேப் அல்ல, எல்லாவற்றையும் பாதிப் பாதியாக நடத்தும் முறைதான்.

இறுதியாண்டு மாணவர் சார்பில் பேசுபவர்கள் வேலைவாய்ப்பைச் சொல்வார்கள், பட்டத்தைச் சொல்வார்கள். இறுதியாண்டுத் தேர்வு இல்லாமல் தேர்ச்சி கொடுக்கக் கூடாது என்று 2020 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், எல்லோர் கண்ணும் இறுதியாண்டின் மேல் நின்றது இயல்புதான். ஒரு குடும்பம் மூன்று ஆண்டு பொறுத்திருந்து எதிர்பார்க்கும் சம்பளம் அந்தப் பட்டத்தில் இருக்கிறது. அதை நான் அறியாதவன் அல்ல. ஆனாலும் கேட்க வேண்டியது, இறுதியாண்டு மாணவருக்குக் கல்லூரிக்குள் வந்தால்தான் நடக்கும் காரியம் எது என்பது. கேம்பஸ் நேர்காணல்கள் அந்த ஆண்டு ஆன்லைனுக்கு மாறிவிட்டன. செமஸ்டர் தேர்வுகள், எதற்காக அவர்களை அவசரமாக அழைத்தோமோ அவை, 2021 கோடையில் பெரும்பாலும் ஆன்லைனிலேயே நடந்தன. மிஞ்சியது அவர்களின் லேபும் புராஜெக்டும். அவற்றுக்குக் கட்டாயம் வர வேண்டும், வாரம் ஒரு நாள். அதே வாரத்தில் வேறொரு நாள் முதலாமாண்டுக்கு இடம் இருந்தது. நான் இறுதியாண்டை விலக்கச் சொல்லவில்லை. ஆண்டைப் பார்த்து அழைப்பதை விட்டு வேலையைப் பார்த்து அழைத்திருந்தால் இருவருமே டிசம்பரில் உள்ளே வந்திருப்பார்கள். வீட்டிலிருந்தே கேட்கக்கூடிய தியரி வகுப்புக்காக யாருமே வந்திருக்க வேண்டியதில்லை.

அந்த டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நாட்களின் அருமை இன்றைக்குத் தெரிகிறது. 2021 பிப்ரவரியில் கல்லூரி முழுமையாகத் திறந்தபோது மாநிலத்தில் நாளொன்றுக்குப் பதிவான தொற்று ஐந்நூறுக்கும் குறைவு. மார்ச் 23-இல் மூடியபோது ஏறத்தாழ 1,400. மே மாதம் அது 36,000-ஐத் தாண்டியது. செப்டம்பர் 1 அன்று மறுபடி திறந்தபோதோ ஏறத்தாழ 1,500. ஆக, 1,400-இல் மூடினோம், 1,500-இல் திறந்தோம். இரண்டுமே சரியான முடிவுகள். மார்ச்சில் எண் ஏறிக்கொண்டிருந்தது, பதினெட்டு வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி இல்லை. செப்டம்பரில் எண் இறங்கி நின்றது, பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கு மே மாதத்திலிருந்தே தடுப்பூசி கிடைத்தது, கல்லூரிகளிலேயே முகாம் போட்டுச் செலுத்தினார்கள். முடிவெடுக்க எண் மட்டும் போதாது, அது போகிற திசையையும் கையிலிருக்கும் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை நம் அரசு நிர்வாகம் நடைமுறையில் செய்து காட்டியது. தொற்று ஒரேயடியாக ஒழிந்தபின் திறக்கலாம் என்று காத்திருக்கும் வசதி யாருக்கும் கிடைக்கவில்லை. இடையிடையே சில வாரங்கள் கதவு திறந்தது. அந்த வாரங்களை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் நம் கையில் இருந்த ஒரே முடிவு. டிசம்பர் 7 முதல் மார்ச் 22 வரை பதினைந்து வாரம். முதலாமாண்டு மாணவர் வாரம் ஒரு நாள் லேபுக்கு வந்திருந்தால் பதினைந்து நாள். நாளுக்கு இரண்டு சோதனை என்றால் முப்பது சோதனை. பொங்கல் விடுமுறையையும் தடைப்பட்ட நாட்களையும் கழித்தால்கூட, ஒரு முழு ஆண்டின் செய்முறைப் பாடம் அதற்குள் அடங்கிவிடும்.

கடைசியாக, மாணவர்களே வர விரும்பவில்லையே என்ற வாதம். 2021 நவம்பரில் மதுரை உட்படப் பல ஊர்களில் மாணவர்கள் தெருவில் இறங்கி ஆன்லைன் தேர்வு கேட்டார்கள். நேரடித் தேர்வுதான் என்று அரசு உறுதியாக இருந்தது, தேதியை ஜனவரிக்குத் தள்ளியது. அதற்குள் ஒமைக்ரான் வந்தது, ஜனவரியில் கல்லூரிகள் மூடப்பட்டன, 2022 பிப்ரவரியில் தேர்வு ஆன்லைனிலேயே நடந்தது. அந்தப் போராட்டத்தைச் சோம்பேறித்தனம் என்று பலர் எழுதினார்கள். அது அநியாயமான குற்றச்சாட்டு. நடத்தும்போது ஆன்லைன், கேட்கும்போது மட்டும் நேரடியா என்று மாணவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்கள் மறுத்தது தேர்வு அறையை. லேபை வேண்டாம் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. நாம் கல்லூரித் திறப்பைத் தேர்வோடு கட்டிப்போட்டோம். அரியர் ரத்து, உள் மதிப்பீடு, நேரடித் தேர்வா ஆன்லைன் தேர்வா என்று இரண்டு ஆண்டு முழுக்கப் பேச்சு தேர்வைச் சுற்றியே போனது. கற்றுக்கொள்ள வாருங்கள் என்று அழைக்கப்படாத பிள்ளைகள் தேர்வெழுத மட்டும் வாருங்கள் என்றபோது தயங்கியதில் வியப்பில்லை.

அந்த ஆண்டு முதலாமாண்டுக்கு வந்த 2021 தொகுதியின் நிலைமை இன்னும் இக்கட்டானது. அவர்களுக்கு +2 பொதுத்தேர்வே ரத்தானது. பத்தாம் வகுப்பு, +1 மதிப்பெண்களையும் +2 செய்முறை, உள் மதிப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பள்ளி லேபையும் சரியாகப் பார்க்காதவர்கள். அவர்களில் பதினெட்டு வயது நிறையாதவர்கள் 2022 ஜனவரி 3 வரை தடுப்பூசிக்கும் தகுதி இல்லாதவர்கள். இந்த இரண்டு தொகுதிகளும் 2023-இலும் 2024-இலும் பட்டம் பெற்று வெளியே போய்விட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் எம்.எஸ்சி. சேர்ந்தார்கள், ஒரு பகுதியினர் மருந்துக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் வேலை பார்க்கிறார்கள், ஒரு பகுதியினர் பி.எட். முடித்துப் பள்ளி லேபுகளில் நின்று அடுத்த தலைமுறைக்கு டைட்ரேஷன் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். முதுகலையில் அவர்களைச் சேர்த்துக்கொண்ட துறைகள் முதல் மாதத்தில் ஒரு வாரத்தை ஒதுக்கி, பிப்பெட்டிலிருந்து தொடங்கியிருந்தால் எந்தக் கௌரவமும் குறைந்திருக்காது. அது அவர்களுக்கு நாம் பாக்கி வைத்தது.

துறைத்தலைவர்களாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளமோ புயலோ வேறொரு தொற்றோ, கதவு மறுபடி மூடும் நாள் வரும். அன்றைக்குச் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பாடத்தில் வீட்டிலிருந்து செய்யவே முடியாத செய்முறைகள் எவை, அவற்றில் எவை முதலாமாண்டில் வருகின்றன, பன்னிரண்டு பேருக்கு ஒரு சோதனை நடத்த எத்தனை பிப்பெட்டும் எத்தனை ரப்பர் பல்பும் வேண்டும், லேபின் எந்த ஜன்னல் திறக்காது, எந்த எக்ஸாஸ்ட் மின்விசிறி ஓடாது என்று ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் எழுதி, ஸ்டாக் ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.